மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய வீடு

"நகராட்சி போடற அஞ்சு மணிப் பாட்டு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. நீ மட்டும் இங்க என்ன பண்றே?"

ஒகுனுகி ஒலிபெருக்கியில் கேட்டார். பூங்கா ஊஞ்சலுக்கும் அவருக்கும் நடுவே இரண்டடிதான். இருந்தாலும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வெறும் வாயால் பேசினால் பதவிக்கு என்ன மரியாதை?

ஊஞ்சலில் இருந்த சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். "பாட்டு முடிஞ்சா வீட்டுக்குப் போகணும்னு தெரியும் தாத்தா. வீட்ல யாருமில்ல."

"தாத்தா இல்லை. தலைவர்."

"சரி, தலைவர் தாத்தா."

கூட ரோந்து வந்த மகிதா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். ரயிலடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். சிறுமியின் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள். "பேர் என்னம்மா? சாப்பிட்டியா?"

"சயோ. மத்தியானம் பள்ளிக்கூடத்துல சாப்ட்டேன். ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன்."

"ராத்திரிக்கு?"

"அம்மா வந்தாத்தான். வெள்ளிக்கிழமை போனாங்க. நூடுல்ஸ் வச்சிட்டுப் போனாங்க, அது தீந்துருச்சு. நேத்து கரண்டும் போயிருச்சு. இங்கன்னா விளக்கு எரியுது." ஏதோ கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு செய்துவிட்டவள்போல் விளக்குக் கம்பத்தைக் காட்டினாள் சயோ.

மகிதா பையிலிருந்த சோற்று உருண்டையைச் சிறுமியின் கையில் வைத்தாள். மறு கையால் குழந்தைகள் நல மையத்தைப் போனில் கூப்பிட்டாள்.

ஒகுனுகி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். நாளைக்கு நகர மண்டபத்தில் அவருக்கு விருது. 'எங்கள் பகுதியில் கவனிப்பாரற்ற குழந்தை என்று ஒன்றுகூட இல்லை' என்று தொடங்கும் உரையை ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். சனி, ஞாயிறுகூடப் பார்க்காமல், சாயங்காலமானால் ஒளிரும் உடுப்பை மாட்டிக்கொண்டு ரோந்து கிளம்பிவிடும் மனிதருக்கு இப்படி ஒரு சோதனையா?

"ஏம்மா, இதுக்குத்தானே வாசல்ல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கு? ஆபத்துன்னா அந்த வீட்டு மணியை அடிக்கணும். உள்ளே கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்தாங்களே. சனிக்கிழமை போயி அடிச்சேன். ஞாயித்துக்கிழமை அடிச்சேன். நேத்தும் அடிச்சேன். யாருமே திறக்கல."

ஒலிபெருக்கி தானாக வாய்க்குப் போனது. "என்னது!"

"தலைவரே, காது!" என்றாள் மகிதா, போனைப் பொத்திக்கொண்டு.

"எந்த வீடு? யாரு அந்த ஆளு?"

"யாராச்சும் வெளிய வந்தாத்தானே யாருன்னு கேக்க முடியும்?" என்றாள் சயோ, வாய் நிறையச் சோற்றுடன்.

"ஒருவேளை காலி வீடோ என்னவோ. ஸ்டிக்கர் பழசா? கிழிஞ்சு கிடக்கா?"

"இல்லியே. பளபளன்னு இருக்கும். யாரோ தெனமும் துடைக்கறாங்க."

"கேட்டீங்களா மகிதா? ஸ்டிக்கரைத் துடைக்க நேரமிருக்கு, கதவைத் திறக்க நேரமில்ல! விளம்பரப் பைத்தியங்க! நட பாப்பா, அந்த வீட்டைக் காட்டு."

"மையத்திலேர்ந்து ஒரு அம்மா கார்ல வர்றாங்க" என்றாள் மகிதா. "அதுவரைக்கும் பிள்ளை கதகதப்பா எங்கயாவது உக்காரணும். என் கடைக்குப் போயிடலாமே?"

"கடைக்கு அப்புறம் போகலாம். முதல்ல நியாயம்!"

நியாயம் முன்னால் நடந்தது. சயோ நடுவில். தன் குளிர்ச் சட்டையைக் கழற்றிச் சயோவுக்குப் போர்த்திவிட்ட மகிதா கடைசியில். வழி நெடுக ஒகுனுகி தண்டனைகளை அறிவித்துக்கொண்டே போனார். அந்த ஆள் நாளைக்கு விருது விழா மேடையில் இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். புகைப்படத்தோடு சங்கப் பத்திரிகையில் போட வேண்டும்.

சயோ ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துப் பக்கம் திரும்பியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹசுனுமா குடியிருக்கும் தெரு!

"நினைச்சேன்" என்றார் மகிதாவிடம் ரகசியமாக. "அந்த ஹசுனுமாவேதான். கஞ்சன். விளக்கை அணைச்சிட்டு உள்ளேயே பதுங்கியிருப்பான்."

ஹசுனுமா வீட்டில் விளக்குப் பிரகாசமாக எரிந்தது. கறிக்குழம்பு மணத்தது. ஒகுனுகி உடுப்பை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமி, ஒலிபெருக்கியை உயர்த்தினார். சயோ நிற்காமல் நடந்தாள்.

"ஏய், இந்த வீடுதானே?"

"இங்க ஸ்டிக்கரே இல்லியே. இது மரத்துலேர்ந்து பழம் பறிச்சுக் குடுத்த தாத்தா வீடு. பக்கத்து வீட்டு மணியை அடிச்சிட்டு நான் நின்னதைப் பாத்துட்டு, அந்தாளு எப்பவும் வீட்ல இருக்க மாட்டாருன்னு சொன்னாரு."

சொல்லிக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போனாள். நுனிக்காலில் எம்பி மணியை அழுத்தினாள். இருட்டாகக் கிடந்த வீட்டுக்குள் மணி அடித்து ஓய்ந்தது. சயோ தலையைச் சாய்த்து, பொறுமையாகக் காத்திருந்தாள்.

"பாத்தீங்களா தலைவர் தாத்தா? இன்னிக்கும் யாரும் வரல."

ஒகுனுகியின் கை, பழக்க தோஷத்தில், வாசல் தூணிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அதை அப்புறம் துடைக்கலாம் தலைவரே" என்றாள் மகிதா. "சாவியை எடுங்க. பிள்ளைக்குக் குளிருது."