நீலம் மாமா, மஞ்சள் அக்கா

"மாமா, உங்க ஆளுக்கு இன்னிக்கும் மூக்குல அடி," என்றான் சிட்டிபாபு, கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே.

ஏகநாதன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மைத்துனன் சிட்டிபாபு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊரப்பாக்கத்திலிருந்து சிட்லபாக்கத்துக்கு வந்துவிடுவான். காபி குடிப்பான், கூண்டைப் பார்ப்பான், ஏகநாதனின் மானத்தை வாங்குவான்.

எல்லாம் அவன் செய்த வேலைதான். அக்காவின் கல்யாண நாளுக்கு லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து போர்ட்டிகோவில் தொங்கவிட்டான். அதோடு போயிருக்கலாம். "நீலம் மாமா, மஞ்சள் அக்கா" என்று பேரும் வைத்துவிட்டான். அன்று சாயங்காலமே மஞ்சள் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. தினைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீலம் வந்தால் கால் விரலில் ஒரு கொத்து. ஊஞ்சலில் உட்கார்ந்தால் தலையில் ஒரு கொத்து. பாதி நேரம் நீலம் மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு மாமா. எதிர் வீட்டு பக்தவச்சலம் சார் என்னைப் பார்த்தா, 'உங்க மாமாவுக்கு இன்னிக்காவது சாப்பாடு கெடைச்சுதா'ன்னு கேக்கறார்."

"பறவைன்னா அப்படித்தான் இருக்கும். உனக்கு வேற வேலை இல்லையா?"

ஏகநாதனின் மனைவி தையல்நாயகி மஞ்சத்தூளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். நீலத்தைக் கையில் பிடித்து மூக்குக் காயத்தில் தொட்டு வைத்தாள்.

"பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியலை இதுக்கு," என்றாள். சிட்டிபாபு சிரித்த சிரிப்பில் அவனுக்குக் காபி புரை ஏறியது.

ஏகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடிட்டுக்கு அவர் வருகிறார் என்றாலே லீவு போட்டுவிடுகிற மேனேஜர்கள் உண்டு. வீட்டில் ஒரு கைப்பிடிக் குருவியால் இந்தக் கதி. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீலம் மஞ்சளை மூலைக்கு விரட்ட வேண்டும். அதை சிட்டிபாபு கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மறுநாள் மனைவி காய்கறி வாங்கப் போன சமயத்தில் நீலத்தை ஓட்டை போட்ட செருப்புப் பெட்டிக்குள் வைத்து, தாம்பரம் மார்க்கெட்டில் சிட்டிபாபு அந்த ஜோடியை வாங்கிய அசரியாவின் பறவைக் கடைக்குப் போனார்.

"இதே கலர்ல கொஞ்சம் தைரியமா ஒண்ணு குடுப்பா. இதை நீயே வெச்சுக்கோ."

"இன்னா சார், அடி வாங்குதா?"

"ரொம்ப."

"இத்த எடுத்துகினு போங்க. இது திருப்பிக் குடுக்கற ஆளு."

அன்று சாயங்காலம் தையல்நாயகி கூண்டைப் பார்த்து அசந்துபோனாள்.

"மஞ்சத்தூள் வெச்சேன், ஒரே நாள்ல மூக்கு ஆறிடுச்சு பாருங்க."

"உன் கைராசி," என்றார் ஏகநாதன். அவள் பக்கத்து வீட்டுக்கும் போய் மஞ்சத்தூளின் மகிமையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் ஞாயிறு வருவதற்குள் புது நீலத்துக்கும் மூக்கில் அடி. அடுத்த வாரம் மாற்றி வந்த நீலத்துக்குக் கால் விரலில் ரத்தம். அதற்கடுத்ததற்கு உச்சந்தலையில் சொட்டை. மஞ்சளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கடைசியாக அசரியா பெரிய கூண்டுக்குள் கையை விட்டு ஒரு நீலத்தைப் பிடித்தார். அது அவர் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு தொங்கியது.

"பேட்டை ரௌடி சார் இது. இது வந்தா மொத்தக் கூண்டும் ஒதுங்கி வழி விடும். இத்த அடிக்கற குருவி இன்னும் பொறக்கல."

அந்த வாரம் ஏகநாதன் தானே சிட்டிபாபுவின் ஆபீசுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வரச் சொன்னார். அவனும் வந்தான். கூண்டைப் பார்த்தான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். பேட்டை ரௌடி மூக்கில் ரத்தக் கோட்டோடு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஏகநாதன் லீவு போட்டுவிட்டு அசரியாவின் கடையில் நின்றார்.

"உன் ரௌடியும் அவ்வளவுதான்பா."

"அதுவா சார் அடி வாங்கிச்சு?" அசரியாவால் நம்ப முடியவில்லை.

"அதுவேதான். இனிமே நீலத்தை மாத்திப் பிரயோஜனமில்லை. அந்த மஞ்சள் ஒரு ராட்சசி. ஒண்டியா நின்னு இத்தனை நீலத்தையும் ஒரு கை பாத்துடுச்சு. அதைத்தான் மாத்தணும். வீட்ல தெரியாம நாளைக்கு எடுத்துட்டு வரேன். அதே மஞ்சள்ல வாயில்லாப் பூச்சியா ஒண்ணு எடுத்து வை."

அசரியா தலையைச் சொறிந்தார். கூண்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"சார், உங்க கைல சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வூட்டம்மாதான். ஒவ்வொரு வாரமும் நீங்க வந்துட்டுப் போன ரெண்டாம் நாளு, மஞ்சளைக் கூடையில வெச்சிகினு அவங்க வருவாங்க. 'எங்க வூட்டுக்காரர் மூஞ்சியப் பாக்க முடியல, அவரோட குருவிகிட்ட அடி வாங்கறாப்பல ஒண்ணு குடுங்க'ன்னு மாத்திகினு போவாங்க. போன வாரம் குடுத்ததுதான் சார் இந்தக் கடையிலயே சாது. அத்த விட சாதுவா இன்னொண்ணுக்கு நான் எங்க சார் போவேன்?"