வளைவு வீட்டில் ஒரு சாவு

லாரியில் வரும் எண்பது மீட்டர் நீளக் காற்றாலை இறக்கைகள் தெரு வளைவில் திரும்புவதற்காக, முப்பிடாதி வீட்டின் இரண்டு சுவர்களைக் கதவுகளாக மாற்றியிருந்தார்கள். சைரன் கேட்டதும் திறந்துவிட வேண்டும். இறக்கையின் நுனி கூடத்தின் வழியே கடந்துபோகும்.

அன்று கூடத்தில் அவள் புருஷன் சுடலைமுத்துவின் உடல் கிடந்தது. சைரன் கேட்டது.

லாரி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். "பின்னால இன்னும் ரெண்டு வருதுக்கா. நிறுத்த முடியாது."

"மக வர்ற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதாய்யா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். நாலு பேர் உடலைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். இறக்கை கடந்துபோனது.

வாசல் தாண்டிய பிணத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார்கள் பங்காளிகள். அப்படியே சுடுகாட்டுக்குப் புறப்பட்டார்கள்.

முப்பிடாதி சுவரைச் சாத்தும்போது போன் அடித்தது. மகள்தான்.

"யம்மா, ரெக்கை லாரிக்குப் பின்னால பஸ் நகரவே மாட்டேங்குது. நான் வர்ற வரைக்கும் அப்பாவை எடுத்துராதிய."