பாட்டில் ஓர் இடைவெளி

எல்லாரையும் பாட வைக்கும். தான் மட்டும் பாடாது. அது என்ன?

கீபோர்டு என்று சொல்லிவிடாதீர்கள். அது சத்தமாவது போடும். விடை: அந்த ஆலயத்துப் பாடகர் குழுவின் தலைவி. கையை அசைப்பாள். வார்த்தை தப்பாமலிருக்க உதட்டையும் அசைத்து எடுத்துக் கொடுப்பாள். குரல் மட்டும் வராது. குழு நடத்துகிறவர்கள் பலரும் அப்படித்தான்.

அன்று கடைசி ஒத்திகை. மறுநாள் பிஷப் வருகிறார்.

தனியாகப் பாட வேண்டியவள் தலைவியின் மகள் சிட்டு. ‘உம்மை நேசிக்கிறேன், ஆண்டவரே’ என்ற வரியை மூன்று முறை பாட வேண்டும். முதல் முறை மணி போலப் பாடினாள். இரண்டாவது முறை வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை மறுபடியும் மணி போலப் பாடினாள்.

“நிறுத்து! இன்னிக்கும் நடுவுல முழுங்கிட்டியா?” என்றாள் அம்மா.

“பாப்பாவோட பஸ் அந்த ஒரு ஸ்டாப்புல மட்டும் நிக்கவே மாட்டேங்குது” என்று சிரித்தார் கீபோர்டு மாமா.

“தலைவி பொண்ணு. எப்படிப் பாடினாலும் இடம் உண்டு” என்றாள் பின்வரிசை அத்தை, பக்கத்தில் இருந்தவளிடம். அது அம்மா காதிலும் விழுந்தது.

“கடைசியா கேக்கறேன். ஒழுங்கா பாடுவியா, மாட்டியா?”

“பாடறேம்மா.”

பாடினாள். அதே இடம். அதே மௌனம்.

“போதும், என் மானத்தை வாங்கினது! நாளைக்குத் தையல்காரர் பொண்ணு பாடட்டும். நீ போய் உட்காரு.”

சிட்டுவின் கண் நிறைந்துவிட்டது. குளிக்கும்போதுகூட இந்தப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தவள் அவள்.

கீபோர்டு மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. “கொஞ்சம் இருங்கக்கா. ஏன் பாப்பா, அந்த வரி மறந்து போகுதா?”

“இல்ல மாமா.”

“பின்னே?”

“அது அம்மாவுக்கு.”

“அம்மாவுக்கா?”

“நாம எல்லாரும் ஆண்டவர்கிட்ட சொல்றோம். அம்மா மட்டும் சொல்றதே இல்ல. வாய்தான் அசையுது. பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல. நான் சும்மா இருந்தா அம்மா சொல்லுவாங்கன்னு இடம் விட்டேன்.”



‘மனசுக்குள்ள சொல்லுவேன்டி’ என்று சொல்ல வாயெடுத்தாள் அம்மா. ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் அவள் மனசுக்குள் ஓடுவது வேறு: பின்வரிசை மெதுவாக, பெண்கள் இப்போது, மூச்சு எடுங்கள். அதைத் தவிர வேறு ஏதாவது அங்கே ஓடி எவ்வளவு காலம் ஆயிற்று?

கீபோர்டு மாமா கட்டைகளிலிருந்து விரலை எடுத்தார்.

ஆலயம் அடங்கிப்போனது. கூரை இவ்வளவு உயரமா என்று இருந்தது அம்மாவுக்கு. இத்தனை வருஷமும் யாரோ ஒருவர் கோபிக்காமல், அவசரப்படாமல், தன் பக்கமே காது கொடுத்துக்கொண்டு நின்றிருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

தூக்கிய கை தானாக இறங்கியது.

“உம்மை... நேசிக்கிறேன்...”

தாளம் இல்லை. சுருதியும் சேரவில்லை. ‘ஆண்டவரே’ என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பின்வரிசை அத்தை முதலில் மண்டியிட்டாள். அப்புறம் தையல்காரர் மகள். அப்புறம் எல்லாரும். யாரும் கை காட்டவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு மூன்று முறையும் சிட்டுவே பாடலாம் என்றாள்.

சிட்டு முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.