ஸ்டெப்னி பேராயர்

“பேராயர் வரலையாம். உதவிப் பேராயரை அனுப்புறாங்களாம்.”

போனை வைத்துவிட்டு ஆயர் சொன்னதும், சபைச் செயலாளர் கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டைப் பொத்தென்று மேசையில் போட்டார்.

“முந்நூறு கார்டு அடிச்சாச்சு, பேராயர் படத்தோட! இனி என்ன, வீடு வீடாப் போய் படத்துல மூஞ்சியை மாத்தி ஒட்டவா?”

“பரவாயில்லைங்க. திடப்படுத்தல் ஆராதனைதானே? பிள்ளைங்க தலையில கை வச்சு ஜெபிக்க அவருக்கும் உரிமை உண்டு.”

“மாப்பிள்ளை வரலைன்னா தோழனை உட்கார வைக்கிற மாதிரி! ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டு ஊர்வலம் போகச் சொல்றீங்க.”

கமிட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் சொன்னால் சிரித்துவிடுவது அங்கே பழக்கம்.

ஆயர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லாதீங்க. ஒரே பேராயரால எல்லாச் சபைக்கும் போக முடியாதுன்னு பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஏற்படுத்தின பதவி. இவரே வேற திருமண்டலத்துல பத்து வருஷம் பேராயரா இருந்து ஓய்வு பெற்றவர்தான். அபிஷேகத்துல பெரிசு சின்னது கிடையாது. நிர்வாகம்தான் கையில இருக்காது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்! ஒரு ஆயரை இடம் மாத்த முடியுமா அவரால? முடியாது. நம்ம பள்ளிக்கூடத்துல ஒருத்தனுக்கு வேலை போட்டுத் தர முடியுமா? முடியாது. பெரியவர் ஓய்வு பெற்றா அந்த இடத்துக்காவது வருவாரா? அதுவும் இல்லை. அப்புறம் எதுக்கு அந்த ஊதா அங்கி? குளிருக்கா?”

மறுபடியும் சிரிப்பு.

செயலாளரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு உறுப்பினராகும் பதினொரு பேரில் அவருடைய இளைய மகளும் ஒருத்தி. பேராயர் அவள் தலையில் கை வைத்திருக்கும் படத்தை ஹாலில் மாட்ட, சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசல் வளைவு ரத்து. பேண்டு ரத்து. பகல் விருந்து, டீயும் பிஸ்கட்டுமாகச் சுருங்கியது.

உதவிப் பேராயர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அங்கி வைத்திருந்த பையை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

செயலாளர் நின்ற இடத்திலிருந்து நகராமல் கையை நீட்டினார். “பெரியவருக்கு ரொம்ப வேலையோ?”

“ஆமாங்க. எனக்கு அந்த அளவுக்கு இல்லை” என்று சிரித்தார் உதவிப் பேராயர்.

“அதானே பார்த்தேன்!”

பிரசங்கம் எட்டே நிமிடம். “சரக்கு தீர்ந்துடுச்சு” என்று பக்கத்து இருக்கைக்காரரின் காதைக் கடித்தார் செயலாளர்.

பதினொரு பேரும் ஒவ்வொருவராகப் போய் முழந்தாளிட்டார்கள். மகளின் முறை வந்தபோது, அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

‘பாவம், பெரியவர் வரலைன்னு குழந்தைக்கே தாங்கல’ என்று நினைத்துக்கொண்டார் செயலாளர்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

“யாருக்குப்பா லெட்டர்?” மகள் வந்து நின்றாள்.

“பேராயருக்கு. எல்லாம் நம்ம ஆயர் பார்த்த வேலைதான். எனக்குப் பேர் கிடைச்சுடக் கூடாதுன்னு பெரியவரை வரவிடாமப் பண்ணிட்டார். அடுத்த மாசத்துக்குள்ள அவரை மூட்டை கட்ட வைக்கிறேன் பாரு.”

“அவர் மேல தப்பில்லைப்பா. உதவிப் பேராயரை அனுப்புங்கன்னு பேராயருக்கு எழுதினது நான்தான். அவரும் சரின்னு பதில் போட்டார்.”

பேனா நின்றது.

“நீயா? உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆளை உனக்கு எப்படித் தெரியும்?”

“போன வருஷம் ஹாஸ்டல்ல இருந்தப்ப எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆச்சு இல்லையா? அப்போ மூணு நாள் அவர்தான் என் கட்டில் பக்கத்துல இருந்தார். டாக்டர்கிட்ட பேசினது, மருந்து வாங்கினது, பால் ஆத்திக் கொடுத்தது எல்லாம் அவர்தான்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்லை?”

“சொல்ல வேண்டாம்னார். ‘அப்பா மனசு சங்கடப்படும்மா’ன்னார்.”

“எனக்கென்ன சங்கடம்? ஒருத்தர் வந்து ஒத்தாசை பண்ணினா சந்தோஷம்தானே படுவேன்?”

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“ஆபரேஷன்னு சொல்லி வார்டன் போன் பண்ணினப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?”

செயலாளருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குச் சபை மண்டபத் திறப்பு விழா, அதையொட்டி மூன்று நாள் கூட்டம். அவர்தான் வரவேற்புக் கமிட்டித் தலைவர்.

“அம்மாவும் அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தாங்க. வார்டன் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ‘பெரியவர் மேடையில இருக்கார், நான் இப்ப நகர முடியாது, அங்கேயே யாராவது இருந்தா அனுப்பி வைங்க’ன்னீங்க. வார்டனும் எதிர்த்தாப்பல திருமண்டல ஆபீஸ்ல போய்ச் சொன்னாங்க.”

அவள் பாதி எழுதிய கடிதத்தை எடுத்து மடித்தாள்.

“அந்த ‘யாராவது’ இவர்தான்பா.”