பாதியில் விட்டவை

"மறுபடியும் முடியாதுங்குது. சந்தா கட்டுறது நான், முடியாதுன்னு சொல்றது இவனா?"

அப்பா டேப்லெட்டை மேசைமேல் வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது. லேத் பட்டறையில் இரும்பையே கடைந்து பழகியவர் அவர். இந்தக் கண்ணாடிப் பலகை மட்டும் அவருக்கு மசியவில்லை.

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக லீவு போட்டு வந்திருந்த மகள் அதை எடுத்துப் பார்த்தாள்.

டயாலிசிஸ் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே சிக்னல் எட்டிப் பார்க்காது. டிவிக்காரர்களின் ஆப்பில் அம்மாவின் தொடரை வீட்டிலேயே டவுன்லோடு செய்து கொண்டுபோகலாம் என்றுதான் அப்பா இந்த டேப்லெட்டை வாங்கினார்.

"போன தடவை பக்கத்து பெட்காரர் குறட்டையைக் கேட்டே பொழுதை ஓட்டினேன். இன்னிக்கும் அதுதான் போல," என்றாள் அம்மா.

"ஒரு கணக்குக்கு மூணு டிவைஸ்தான்பா. ஏற்கெனவே மூணு இருக்கு. ஒண்ணை எடுத்தாத்தான் இது நுழையும்."

"ஹெல்ப்லைன் பொண்ணும் கிளிப்பிள்ளை மாதிரி இதையேதான் சொல்லுச்சு."

"அப்ப எடுக்கவேண்டியதுதானே?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹால் டிவியை எடுத்துடு."

"நியூஸ் பார்க்காம உங்களுக்குச் சோறு இறங்காதேப்பா."

"பேப்பர்ல படிச்சிக்கிறேன்."

மகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ரிமோட்டை யாரிடமும் கொடுக்காத மனுஷர். அவருடைய போனை வாங்கி ஆப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் 'பாதியில் விட்டவை' என்று ஒரு வரிசை. அதில் கார் ரேஸ் ஒன்று, கடலில் மீன் பிடிக்கும் நிகழ்ச்சி ஒன்று, ஒரு பேய்ப்படம்.

"என்னப்பா, பேய்ப்படமெல்லாம் பார்க்கிறீங்க?"

"தூக்கம் வரலைன்னா எதையாவது பார்க்கிறதுதான்."

"அதை ஏன் கேக்குற? காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே அந்தப் போனைத்தான் தடவிட்டு இருக்காரு உங்கப்பா," என்று அம்மா போட்டுக்கொடுத்தாள்.

மகள் சிரித்துக்கொண்டே பட்டியலைத் திறந்தாள். ஹால் டிவி. அப்பா போன். சின்னவன் போன். அவள் சிரிப்பு நின்றது.

தம்பி வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. பட்டறைக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்ல, அப்படியானால் இந்த வீட்டிலும் இருக்காதே என்று அப்பா சொல்ல, அன்றே கிளம்பிவிட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான். அன்று முதல் அவன் பெயரை அப்பா வாயெடுத்துச் சொன்னதில்லை.

மகளின் முகம் மாறியதை அம்மா கவனித்துவிட்டாள். தாய்க்குச் சொல்லவா வேண்டும்? "இருக்கானா இல்லையான்னுகூடத் தெரியலையேடி," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இருக்கான். நல்லாத்தான் இருக்கான்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, வண்டியை வெளியே எடுக்கப் போனார் அப்பா.

கல்நெஞ்சு என்று மகள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள். ஆனாலும் அம்மாவுக்காக டிவியையே விட்டுக்கொடுக்கிற மனுஷரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. அவன் பெயரைச் சொல்ல முடியாமல்தான் டிவியை எடு என்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பழைய போன் இந்நேரம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

'சின்னவன் போன்' என்பதைத் தொட்டாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ சொன்னது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'ஆம்' என்று அழுத்தினாள்.

டேப்லெட் மறுபேச்சில்லாமல் டவுன்லோடு செய்தது. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்துடுச்சுப்பா," என்றாள் மகள், அப்பா உள்ளே வந்ததும். "உங்க டிவியில கை வைக்கலை."

"பின்னே எதை எடுத்தே?"

"சின்னவன் போனை. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை உங்க வாயால சொல்ல வைக்க வேண்டாம்னுதான்..."

அப்பா அவளிடமிருந்து தன் போனை வாங்கினார். அதையே வெறித்துப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னப்பா?"

"அந்தப் பேய்ப்படமெல்லாம் நான் பார்க்கிறது இல்லம்மா. அவன் பார்க்கிறது."

அம்மா தலைநிமிர்ந்தாள்.

"நேத்துக்கூட மீன் பிடிக்கிறதை ஆரம்பிச்சிருக்கான். பாதியிலேயே தூங்கிட்டான் போல. பேசத்தான் மாட்டான், பார்த்துக்கிட்டாவது இருக்கானேன்னு இருந்தேன்."

"அவனுக்கு பாஸ்வேர்டு தெரியுமில்லப்பா? திரும்ப உள்ள வந்துடுவான்."

"நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவனுக்குத் தெரியாது." அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே அவன் திறந்தா என்னம்மா காட்டும்?"

மேலோட்டமாகப் பார்த்த அந்தப் பொடி எழுத்து இப்போது மகளுக்கு வரிமாறாமல் நினைவுக்கு வந்தது: 'கணக்கின் உரிமையாளர் உங்களை நீக்கிவிட்டார்' என்று அந்தப் போனில் காட்டப்படும் என்றிருந்தது, உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் முழுப் பெயரோடு.