தாய்வழி

முகுந்தன் நான்கு வயதில் நிமோனியாவில் இறந்தபோது, அக்கா தமயந்தி தன் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று உறவெல்லாம் சொல்லித் திரிந்தவள் கோதை. உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தியே உண்டாகாத பிறவிக்குறை அது, தாயிடமிருந்து ஆண்பிள்ளைக்கு வருவது, அக்கா தங்கை இருவரிடமும் இருக்கலாம் என்று தமயந்தி சொன்னபோது, "உன் வீட்டுக் கதை எனக்கெதுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

இப்போது கோதையின் ஒன்றரை வயது மகனுக்கு மறுபடியும் மறுபடியும் காதில் சீழ் வடிகிறது என்று அம்மா சொல்லக் கேட்டு, தமயந்தி அழைக்காமலே போய் நின்றாள்.

கோதை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தூக்க வேண்டாம்க்கா. தப்பா நினைச்சுக்காதே."

"தூக்கல. அவன் தொண்டையை மட்டும் பார்க்கணும்."

புதுமுகத்தைக் கண்டு பிள்ளை தானே வாயைப் பிளந்து அலறியது. தமயந்தி செல்போன் விளக்கை அடித்துக் குனிந்தாள். இந்தக் குறை உள்ள பிள்ளைகளுக்கு டான்சில் இருக்காது என்று டாக்டர் அவளுக்கு முகுந்தனின் தொண்டையில்தான் காட்டியிருந்தார். இங்கேயும் இரண்டு பக்கமும் வழவழவென்று ஒன்றுமில்லாமல் கிடந்தது.

"கிளம்பு கோதை. இன்னிக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துடணும். முகுந்தனுக்குத் தெரியறப்போ ரொம்பத் தாமதமாயிடுச்சு."

கோதை தானும் குனிந்து பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாள்.

"எங்கிட்டேருந்தா வந்துச்சு?"

'உன்கிட்டேருந்துதானே வந்துச்சு' என்று என்றாவது கோதையைக் கேட்டு அழவைக்க வேண்டும் என்று தமயந்தி இரண்டு வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி அது. தமயந்தி கதவோரம் கிடந்த சின்னச் செருப்புகளை எடுத்து, உதைக்கிற கால்களில் மாட்டத் தொடங்கினாள்.