கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஆமையின் ஓட்டுக்கு வலி தெரியாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இங்கேயே திருத்திவிடுவது உலக நன்மைக்கு அவசியம். ஓட்டிலும் நரம்பு உண்டு. விரல் பட்டாலே ஆமைக்குத் தெரியும்.

நாரை வாத்தியாருக்கு இது தெரியாது. குட்டியைப் பள்ளியில் சேர்த்த அன்றே தாய் ஆமை, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்தையெல்லாம் உரிச்சிடுங்க, ஐயா" என்று எல்லாத் தாய்மார்களையும் போலச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏழெட்டு எவ்வளவுடா?" என்றார் வாத்தியார்.

குட்டி ஆமை வாயைத் திறப்பதற்குள் அவருடைய அலகு உயர்ந்தது. குட்டியின் தலை உள்ளே போய்விட்டது. ஓட்டின் மேல் அடி விழுந்தது.

"கல்லு மாதிரி கிடக்கிறான் பார். சொல்லுடா!" மறுபடியும் அடி.

வாத்தியாரின் கழுத்து எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்த தவளை மெல்லச் சொன்னது: "அவனுக்குத் தெரியும், ஐயா. காலையில எனக்கே சொல்லிக்கொடுத்தான். அடிக்கிறதை நிறுத்தினா தலையை நீட்டிச் சொல்லிடுவான்."

"நிறுத்தினா எப்படிடா சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டு, வாத்தியார் இன்னும் ஓங்கி அடித்தார். ஓட்டில் கீறல் விழுந்தது.

மாலையில் வந்த தாயிடம், "கண்ணுல அலகு படலை, பார்த்துக்கோம்மா" என்றார். தாய் நன்றி சொல்லிக் குட்டியை அழைத்துப் போனாள்.

மறுநாள் காலை, தினமும் எழுப்புவதுபோல, குட்டியின் ஓட்டை அவள் மெல்லத் தட்டினாள்.

"சொல்லிடறேன், ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.